ஐந்தாகப் பிரித்த நாவல்

தையல்காரியின் கடையில் புதுத் துணி தைப்பதில்லை. வாசல் பலகையிலேயே எழுதிப் போட்டிருக்கிறாள். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததை மூட்டுவது, இவ்வளவுதான். வருகிறவரின் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பாள். முதலில் தோள் தையல், பிறகு அக்குள், பிறகு இடுப்பு. ஓர் ஆள் பெருத்துவிட்டது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே இவளுக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்ல மாட்டாள். இருபத்திரண்டு வருடமாகக் கடை நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் பல் டாக்டர் ஒரு கால்சட்டையோடும் ஒரு நாவலோடும் கடைக்கு வந்தார். கால்சட்டையை நீட்டிவிட்டு, நாவலையும் நீட்டினார்.

“இதைப் பிரிக்க முடியுமா?”

“எவ்வளவு பிரிக்கணும்?”

“நாலு பாகமா. அப்புறம் திரும்பத் தைக்கணும்.”

அவள் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பதினாறு பதினாறு பக்கமாக மடித்து நூலால் கட்டியிருந்தார்கள். ரவிக்கைக்குக் கொக்கி வைப்பதைவிடச் சுலபம். “முடியும்” என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. டாக்டராகச் சொன்னார்.

அவர்கள் நான்கு பேர் சேர்ந்து நாவல் படித்தார்கள். டாக்டர், அவர் மனைவியின் தம்பியான டிரைவிங் மாஸ்டர், கணக்கு டீச்சர், தபால்காரர். இப்போது வருகிற நாவல்கள் மட்டும். ஒரே பிரதி. முதலில் ஒருவர் படித்து அடுத்தவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்காவது ஆள் முடிப்பதற்குள் முதல் ஆள் எல்லாவற்றையும் மறந்திருந்தார். நாலு பிரதி வாங்கலாம் என்று டீச்சர் சொன்னபோது, நாலு பேரிடம் நாலு பிரதி இருந்தால் நாலு பேரும் படிக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். பாதிப் பல்லோடு எழுந்து ஓடுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர். ஆகவே பிரிப்பது என்று முடிவானது. ஆளுக்கு ஒரு பகுதி, ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்வது.

இரண்டாவது நாவலைப் பிரிக்கும்போது தையல்காரி கேட்டாள்: “அஞ்சா பிரிச்சா எனக்கும் ஒண்ணு கெடைக்குமே?”

அப்படித்தான் அவள் உள்ளே வந்தாள். கூட்டமும் அவள் கடைக்கே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும், ஐந்து முக்காலி இருக்கும், வெட்டுமேசை ஐந்து பேருக்குத் தாராளம். யாருடைய வீட்டிலும் யாரும் தேநீர் போட வேண்டியதில்லை.

ஏற்பாடு இதுதான். டாக்டர் முதல் பகுதியில் தொடங்குவார். மாஸ்டர் இரண்டில். டீச்சர் மூன்றில். தபால்காரர் நான்கில். தையல்காரி ஐந்தில். அடுத்த வாரம் எல்லோரும் ஒரு பகுதி முன்னே போவார்கள். ஐந்து முடித்தவர் ஒன்றுக்கு வருவார். ஐந்து வாரம், ஆறாவது வாரம் பேச்சு.

வரிசையாகப் படித்தவர் டாக்டர் மட்டும். அதனால் எந்த நாவலும் அவருக்குப் புதிராக இருந்ததில்லை. மாஸ்டருக்கு முதல் பகுதி கடைசியில் வரும். எழுத்தாளர் கடைசியில் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார் என்று ஒவ்வொரு முறையும் நெகிழ்ந்துபோவார். டீச்சர் நடுவில் தொடங்குவதால், முன்னும் பின்னும் என்ன இருக்கும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வார். கணக்கு தப்பினால் நாவல் தப்பு. தபால்காரரின் வரிசையில் கதாநாயகன் இரண்டாவது வாரம் செத்து மூன்றாவது வாரம் பிறப்பான். நாவலில் யாரும் நிரந்தரமாகச் சாவதில்லை என்பது அவர் கருத்து.

தையல்காரிக்கு முடிவு முதல் வாரமே கையில் இருக்கும். இனி என்ன ஆகும் என்ற கவலை அவளுக்கு இல்லை. எப்படி இந்தக் கதிக்கு வந்தது என்பதுதான் அவளுடைய நாவல். கடைக்கு வரும் துணியும் அப்படித்தான். கிழிசல் வந்துவிடும். எங்கே மாட்டிக் கிழிந்தது என்று அவள் யோசித்துக்கொண்டே மூட்டுவாள்.

நாவலைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நூலால் தைத்த நாவலாக இருக்க வேண்டும். ஒட்டிய புத்தகத்தைப் பிரித்தால் தாள் தாளாக உதிர்ந்துவிடும். எவ்வளவு புகழ்பெற்ற நாவலானாலும் ஒட்டியிருந்தால் அவர்கள் படிக்கவில்லை. பரிசு வாங்கிய ஒரு நாவலைப் பற்றி யாரோ கேட்டபோது, “பசை” என்று டீச்சர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இன்னமும் தைத்து வெளியிடுகிற பதிப்பகம் ஒன்றுதான் மிச்சம். எல்லா நாவலும் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே பழுப்புத் தாள், சொல்லிவைத்தாற்போல முந்நூற்று இருபது பக்கம். பக்கத் தலையில் நாவலின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பாத்திரங்களுக்கும் பெயர் இருக்காது. அவன், அவள், அதிகம் போனால் அண்ணன்.

தேர்ந்தெடுக்கிற உரிமை பழைய நான்கு பேருக்கு மட்டும்தான். டாக்டர் வைத்திருக்கும் விதி நோட்டில் அப்படி எழுதியிருந்தது. ஒன்பது வருடம் தையல்காரி மற்றவர்கள் தேர்ந்தெடுத்ததைப் பிரித்தாள், படித்தாள், தைத்தாள். புத்தகக் கடைக்குப் போய் முதுகைத் திருப்பி நூல் தெரிகிறதா என்று பார்த்து, நின்றபடியே முதல் இரண்டு பக்கம் படித்து, திரும்ப வைத்துவிட்டு வருவாள். கேட்டிருந்தால் சொல்வதற்கு அவளிடம் பதினோரு நாவல் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

இந்த வருடம் தபால்காரர்தான் பேச்சை எடுத்தார். “தங்கச்சிக்கும் ஒரு முறை குடுக்கலாமே. ஊசி அவங்க கையில இருக்கு. நாளைக்கு நம்மளையே சேத்துத் தச்சுட்டா?”

டாக்டர் யோசித்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஒருமுறை தேர்ந்தெடுக்கட்டும். பேச்சு முடிந்ததும் கை தூக்குவோம். மூன்று கை எழுந்தால் அவளும் வரிசையில் நிரந்தரம். எழாவிட்டால் பழையபடி பிரித்துத் தைக்கட்டும்.

“நம்ம நாவலுக்கெல்லாம் கை தூக்குனதே இல்லையே மாமா” என்றார் மாஸ்டர்.

“நாம ஆரம்பிச்சவங்கடா” என்றார் டாக்டர்.

தையல்காரி தேர்ந்தெடுத்த நாவலில், ஒரு பெண் தொலைந்த பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ரயிலிலும் பேருந்திலும் மற்றவர்கள் விட்டுப்போன குடைகள், பைகள், ஒற்றைச் செருப்புகள். அவற்றுக்கு எண் ஒட்டி அலமாரியில் வைப்பது அவள் வேலை. இரண்டு பக்கம் நின்று படித்ததிலேயே தையல்காரிக்குப் பிடித்துவிட்டது.

ஐந்தாம் பகுதி வழக்கம்போல் அவளிடம் முதலில் வந்தது. அதில் அந்தப் பெண் வலது கை ஒடிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, நாத்தனார் வீட்டில் உட்கார்ந்து இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். கை எப்படி ஒடிந்தது என்று அதில் ஒரு வரி இல்லை. ஒன்றாம் பகுதியில் கை நன்றாக இருந்தது. இரண்டிலும் இருந்தது. மூன்றாம் பகுதியின் கடைசி வரியில் அவள் சாவியைத் திருப்பிக் கதவைத் திறக்கிறாள். இரண்டு கையும் முழுசாக. ஆகவே நான்கில்தான். தையல்காரிக்கு நான்காம் பகுதி வருவது கடைசி வாரம்.

நான்கு வாரமும் தையல்காரி அந்தக் கையோடுதான் இருந்தாள். ஜிப் மாற்றும்போது, கதவில் நசுங்கியிருக்குமோ என்று தோன்றும். பொத்தான் கட்டும்போது, நாத்தனார் முறுக்கியிருப்பாளோ என்று தோன்றும். கணவர் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்:

“என்ன, சோத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க?”

“வலது கை ஒடிஞ்சா நீங்க எப்படிச் சாப்பிடுவீங்க?”

“யார் ஒடிக்கப் போறா?” என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

கடைசி வாரம் டாக்டரிடமிருந்து நான்காம் பகுதி வந்தது. அவள் அதை உடனே தொடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் வேலையெல்லாம் முடித்து, மெஷினை மூடி, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு எடுத்தாள். முதல் வரியில் ஒருவன் உள்ளே நுழைந்தான். உள்ளே குளிராக இருந்தது. ஐஸ் கிடங்கு. மூன்றாவது வரியில் கம்ப்ரசர் மூன்று முறை இருமிவிட்டு நின்றது.

அவள் தாளைக் கீழே வைத்தாள்.

அந்த இருமலை அவளுக்குத் தெரியும். போன நாவலில் அதைப் படித்துவிட்டுக் கணவரிடம் கேட்டிருந்தாள். “கம்ப்ரசர் இருமாது. அதைக் கிளப்பி விடுற ரிலே போயிருக்கும். எழுதினவன் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கணும்” என்று அவர் சொல்லியிருந்தார். போன நாவல் டாக்டர் தேர்ந்தெடுத்தது. பூட்டிக் கிடக்கும் ஐஸ் கிடங்குக்குக் காவலிருக்கிற ஒருவன் தன் அண்ணனை நினைத்துக்கொண்டு நடக்கிறான்.

பக்க எண் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்று மூன்று முதல் இருநூற்று ஐம்பத்தாறு வரை. சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாவலுக்கும் அதே எண்தான்.

என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. ஆறு வாரத்துக்கு முன் ஒரே நாளில் பழைய நாவலைத் தைத்துப் புதிய நாவலைப் பிரித்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். நாற்பது கால்சட்டை மேசையில் கிடந்தன. மடிப்பு நிற்பதற்காகக் கையில் கிடைத்ததையெல்லாம் மேலே பாரமாக வைத்தாள். இரண்டு நான்காம் பகுதியும் இரண்டு கால்சட்டைமேல் உட்கார்ந்திருந்தன. எடுத்தபோது மாறிவிட்டது. படித்து முடித்துத் தைத்த நாவல்களெல்லாம் டாக்டரின் ஆஸ்பத்திரிக் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். தொலைந்த பொருள் பெண்ணின் கை இப்போது அங்கே ஐஸ் கிடங்கு நாவலின் நடுவில் தைக்கப்பட்டிருக்கிறது. தையலும் கெட்டி. அவள் போட்ட தையல்.

அதைவிடப் பெரிய விஷயம் கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. மற்ற நான்கு பேரும் இந்தப் பகுதியை ஏற்கெனவே படித்துவிட்டார்கள். சில வாரத்துக்கு முன்பு போன நாவலிலும் இதையே படித்தவர்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கணவரிடம் சொன்னாள்.

“நாளைக்குச் சொல்லிடு” என்றார் அவர்.

“சொன்னா படிச்சது செல்லாதும்பாங்க. கை தூக்க மாட்டாங்க. இந்த முறை போனா நோட்டை மூடிடுவாரு டாக்டர்.”

“அப்ப சொல்லாத.”

“சொல்லலன்னா கை எப்படி ஒடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்.”

“ரிலேதான் போயிருக்கு” என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். தேர்ந்தெடுத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்பது விதி. தையல்காரி தேநீரை வைத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கை தூக்கி முடிகிறவரை வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

டீச்சர் தாளைப் பிரித்தார். “நான் நேரா விஷயத்துக்கு வந்துடறேன். இந்த நாவல்ல சிறந்தது நாலாம் பகுதி.”

தையல்காரி நூல்கண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மூணு பகுதி வரைக்கும் குடை, பை, செருப்பு. சாதாரணம். திடீர்னு ஒரு ஐஸ் கிடங்கு. அவ வேலை பாக்குற எடம் அவளுக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு காட்டுறாங்க. எல்லாம் உறைஞ்சு போய், யாரும் தேடி வராம. அறுபத்தி நாலு பக்கத்துல ஒரு வரி அதிகம் கெடையாது.”

“அது சரி டீச்சர்” என்றார் மாஸ்டர். “பொம்பளை கதவைத் திறக்கிறா, ஆம்பளை உள்ள போறான். எனக்கு அங்க பிரேக் போட்ட மாதிரி ஆயிடுச்சு. ஒரு ஸிக்னல் இல்ல, ஹார்ன் இல்ல. என்ன தைரியம் பாருங்க எழுதினவங்களுக்கு.”

“அந்த ஆம்பளை யாருன்னு நெனைக்கிற?” என்று கேட்டார் டாக்டர்.

“அவளேதான் மாமா. கனவு.”

“இல்ல. அவளோட அண்ணன். கவனிச்சுப் படிக்கணும். அவன் ஒரு அண்ணனை நெனச்சுக்கிட்டே நடக்கிறான் பாரு, அவங்க மொத்தம் மூணு பேர். பெரியண்ணன், இவன், அவ. குடும்பமே பிரிஞ்சு கெடக்கு. வரிசையாப் படிச்சா இது பளிச்சுன்னு தெரியும்.”

தபால்காரர் தேநீரை உறிஞ்சினார். “எனக்கு ஆரம்பமே நாலுதான். நல்லா இருந்துது. ஆனா போன நாவலும் இப்படித்தான் ஆரம்பிச்சுதோன்னு ஒரு சந்தேகம்.”

தையல்காரியின் மடியிலிருந்த நூல்கண்டு உருண்டு விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் டீச்சர். “அதுல ஒருத்தன் சும்மா நடந்துக்கிட்டே இருந்தான். நான் அப்பவே சொன்னேன், அந்த நாலாம் பகுதியை எடுத்துட்டா யாரும் தேட மாட்டாங்கன்னு.”

“அந்த நாவல்ல நாலாம் பகுதிதான் உயிர்” என்றார் டாக்டர். “உங்களுக்குத்தான் பிடிபடல.”

“உயிர் இருந்தா அவன் ஒரு எடத்துல உக்காந்திருப்பான் டாக்டர்.”

“இதுலயும் ஒருத்தன் நடக்கத்தான் செய்யறான்” என்றார் தபால்காரர்.

“இதுல நடக்கிறதுக்கு அர்த்தம் இருக்கு” என்றார் டீச்சர்.

பேச்சு கைக்கு வந்தது. கை எப்படி ஒடிந்தது என்பதைப் பற்றி நான்கு பேருக்கும் நான்கு அபிப்பிராயம் இருந்தது. கிடங்கின் கதவு கனமானது, அதில்தான் நசுங்கியிருக்க வேண்டும், எழுத்தாளர் அதைச் சொல்லாமல் விட்டதே அழகு என்றார் டீச்சர். குளிரில் எலும்பு விறைத்துப்போய்த் தானாக முறிந்தது என்றார் மாஸ்டர். உறவு முறிந்ததைத்தான் கை முறிந்ததாகக் காட்டியிருக்கிறார்கள் என்றார் டாக்டர். தபால்காரருக்குக் கை ஒடிந்ததே இரண்டாம் வாரம். அப்புறம் மூன்று வாரம் நன்றாக இருந்தது. “கூடிடுச்சு” என்றார் அவர்.

ஒவ்வொன்றையும் தையல்காரி கவனமாகக் கேட்டாள். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. எதுவும் அந்தப் பெண்ணின் கை அல்ல.

டாக்டர் நோட்டைத் திறந்தார். “சரி. கை தூக்குவோமா?”

டீச்சரின் கை முதலில் எழுந்தது. பிறகு மாஸ்டர். தபால்காரர் தேநீர்க் குவளையோடு தூக்கினார். டாக்டர் மூன்று கையையும் பார்த்தார், பேனாவை வாயில் கவ்விக்கொண்டு தானும் தூக்கினார். ஒன்பது வருடத்தில் எந்த நாவலைப் பற்றியும் அவர்கள் நால்வரும் ஒத்துப்போனதில்லை. எழுதினார். கையெழுத்துப் போட்டார். தையல்காரியின் பக்கம் திரும்பி, “வாழ்த்துகள்மா. இனி நீங்களும் வரிசையில உண்டு” என்றார்.

“அக்கா ஒண்ணும் பேசலையே” என்றார் மாஸ்டர். “கடைசிப் பேச்சு உங்களோடதுதான். சொல்லுங்க, உங்க கணக்குல கை எப்படி ஒடிஞ்சுது?”

நால்வரும் அவளைப் பார்த்தார்கள். எதையாவது சொல்லியிருக்கலாம். கதவு என்றிருந்தால் டீச்சர் மகிழ்ந்திருப்பார்.

“எனக்குத் தெரியாது தம்பி. அந்தப் பகுதி டாக்டரோட அலமாரியில இருக்கு” என்றாள்.

அதன்பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கால்சட்டை, பாரம், பக்க எண், கம்ப்ரசர்.

“அப்ப நாங்க படிச்சது?” என்றார் டீச்சர்.

“போன நாவலோட நாலாம் பகுதி டீச்சர். எடுத்துட்டா யாரும் தேட மாட்டாங்கன்னு சொன்னீங்களே, அது.”

டீச்சர் தன் தாளை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

“அண்ணே, உங்களுக்கு அப்பவே சந்தேகம் வந்துதுல்ல?” என்று மாஸ்டர் தபால்காரரிடம் பாய்ந்தார். “வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?”

“இப்ப வர்ற நாவலெல்லாம் ஐஸ்லதான் ஆரம்பிக்குது போலன்னு நெனச்சேன். எனக்கு என்ன தெரியும். நான் கடுதாசியப் பிரிச்சுப் படிக்கிற ஆளா? குடுத்துட்டுப் போற ஆளு.”

டாக்டர் நோட்டை மூடவில்லை. அவருடைய காது சிவந்திருந்தது. “நான் தேர்ந்தெடுத்த நாவல். அதை எனக்கு அடையாளம் தெரியாதுங்கிறீங்களா?”

“நான் அப்படிச் சொல்லல டாக்டர்.”

“வேற எப்படிச் சொல்றீங்க? அது என் நாவலோட பகுதின்னா நான் முதல் வரியிலேயே கண்டுபிடிச்சிருப்பேன். கண்டுபிடிக்கல. அதனால அது இல்ல.”

“அதானே” என்றார் டீச்சர். “ரெண்டு மாசத்துக்குள்ள ஒரே பகுதியை ரெண்டு தடவை படிச்சு நாலு பேருக்கும் தெரியாமப் போறதுக்கு நாம என்ன...” வாக்கியத்தை முடிக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க, அந்தக் கம்ப்ரசர்...”

“அவரு நாவல் படிப்பாரா?”

“மாட்டாரு.”

“அப்புறம்?” என்றார் டாக்டர்.

மறுபடி கை தூக்குவது என்று முடிவானது. நடந்தது தவறு அல்ல, நான்காம் பகுதி இந்த நாவலைச் சேர்ந்ததுதான் என்பவர்கள் கை தூக்கலாம். மூன்று கை எழுந்தது. தபால்காரர் மட்டும் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். “காலையிலேர்ந்து பை தூக்கித் தூக்கி வலி” என்றார். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்பதை யாரும் சொல்லவில்லை. ‘தவறு ஏதும் நிகழவில்லை’ என்று டாக்டர் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்: “என்ன ஆச்சு?”

“ஜெயிச்சுட்டேன். நிரந்தரம்.”

“அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?”

“சொல்லிப் பாத்தேன். ஒத்துக்க மாட்டேங்கிறாங்க.”

“நல்லதுதானே. உனக்கு என்ன வேணும் இப்ப?”

“அறுபத்தி நாலு பக்கம்” என்றாள்.

திங்கட்கிழமை பொறுத்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை ஒரு சட்டையில் இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

காத்திருக்கும் அறையில் ஏழு பேர் இருந்தார்கள். கண்ணாடி அலமாரி பூட்டியிருக்கவில்லை. நாவல்கள் வரிசையாக நின்றன. யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை. சீட்டு எழுதுகிற பெண் நிமிர்ந்து, “என்ன பிரச்சினைம்மா?” என்று கேட்டாள்.

“வலி.”

“எந்தப் பல்லு?”

“உள்ள” என்றாள் தையல்காரி. அலமாரியைத் திறந்து ஐஸ் கிடங்கு நாவலை எடுத்துக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். தொலைந்த பொருள் அலுவலகம். அலமாரி. குடைகள்.

அவள் முறை வந்தபோது, பக்கத்திலிருந்த பெரியவரைக் காட்டி, “அவருக்கு வலி அதிகம் போல, முதல்ல போகட்டும்” என்றாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்தும் ஒருவரைப் போகச் சொன்னாள். பிறகு வந்தவர்களும் போனார்கள். இவ்வளவு நல்ல மனசுள்ளவரை இங்கே பார்த்ததில்லை என்று சீட்டு எழுதுகிற பெண் சொன்னாள். தையல்காரி தலையை மட்டும் ஆட்டினாள். இருநூற்று முப்பதாம் பக்கத்தில் இருந்தாள்.

இருநூற்று ஐம்பதாம் பக்கத்தில் அறையில் வேறு யாரும் இல்லை. புத்தகத்தோடு உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்தாள்.

டாக்டர் புத்தகத்தைப் பார்த்தார். பார்க்காத மாதிரி கையுறை மாட்டினார். “எந்தப் பல்?”

கீழ்வரிசையில் ஏதோ ஒன்றைக் காட்டினாள். அவர் அதைத் தட்டிப் பார்த்தார், பக்கத்துப் பல்லைத் தட்டிப் பார்த்தார். “இது நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல ஒண்ணு நிஜமாவே சொத்தை. அடைச்சுடலாமா?”

வேறு வழியில்லை. தலையாட்டினாள். ஊசி போட்டார். பஞ்சை அடைத்தார். உதவிக்கு இருந்த நர்ஸைப் பசை கலந்துகொண்டு வரச் சொன்னார். அவள் உள்ளறைக்குப் போகிற வரை காத்திருந்தார். அப்புறம் குனிந்து, விளக்கைச் சரிசெய்வதுபோல, மெல்லக் கேட்டார்:

“கை எப்படி ஒடிஞ்சுது?”

தையல்காரி வாயைக் காட்டினாள்.

“ஓ” என்றார். பஞ்சை எடுத்தார்.

“ஒருத்தன் குடையைத் தேடி வர்றான்.” பாதி வாய் மரத்திருந்ததால் சொற்கள் வழுக்கின. “கறுப்புக் குடை. இவ முக்காலி போட்டு ஏறி ஒண்ணை எடுத்துக் காட்டுறா. இது இல்லைங்கிறான். இன்னொண்ணை எடுக்கிறா. அதுவும் இல்லைங்கிறான். அப்படியே எட்டுக் குடை. ஒன்பதாவதுக்கு எக்கும்போது முக்காலி சாஞ்சுடுது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

டாக்டர் நிமிர்ந்தார். “இதுக்கு நம்ம ஐஸ் கிடங்கே தேவலாம்.”

“இல்ல டாக்டர். விழுந்து கெடக்கிறா. அவன் பயந்துபோய் எல்லாக் குடையையும் பொறுக்கி வைக்கிறான். அப்பத்தான் பாக்குறான், முதல்ல காட்டினதுதான் அவனோடது. கைப்பிடியில அவனே கத்தியால கீறின கோடு இருக்கு. கையில வாங்கிப் பாத்தும் அவனுக்கு அடையாளம் தெரியல.”

நர்ஸ் பசையோடு வந்தாள். அவர் வேலையைத் தொடங்கினார். மிகவும் மெதுவாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து அடைத்தார். முடிந்ததும் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

“அவன் அவகிட்ட அதைச் சொன்னானா?” என்று தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

“அதுக்குத்தான் இன்னும் ஆறு பக்கம் இருக்கு. நீங்க கூப்பிட்டுட்டீங்க.”

அவர் அவள் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்தார். முதுகைத் திருப்பிப் பார்த்தார். நர்ஸ் கேட்கும்படியாகச் சொன்னார்: “இதுல தையல் விட்டுப்போயிருக்கு போலம்மா. எடுத்துட்டுப் போய்க் கொஞ்சம் பாருங்க.”

தையல்காரி புத்தகத்தை வாங்கி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒரு நூல் அசையவில்லை.

“ஆமா டாக்டர்” என்றாள். “நடுவுல நல்லாவே விட்டிருக்கு.”

“எது எதோட சேரணுமோ அப்படித் தச்சிடுங்க. அவசரமில்ல. ஞாயித்துக்கிழமை அதைப் பத்திப் பேச வேண்டாம்.”

“பேசல. உங்களுக்கு அந்த ஆறு பக்கம்?”

அவர் கதவைத் திறந்து, காத்திருக்கும் அறையைப் பார்த்து, “அடுத்தது யாரு?” என்று கூப்பிட்டார். வெளியே ஏழு நாற்காலியும் காலியாக இருந்தன. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, நர்ஸை வீட்டுக்குப் போகச் சொன்னார். சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கைப் புத்தகத்தின் பக்கம் திருப்பினார்.

“படிங்க” என்றார்.